ஒரு கண்ணின் விலை: பழைய சட்டங்களை ஒப்பிட்டு எழுதக் கற்றுக்கொண்டது

அஞ்சல் வழியில் எம்.ஏ. வரலாறு படித்தபோது எனக்கு ஒரு தாளில் அரியர் விழுந்தது. இத்தனைக்கும் அந்தப் பெரிய கேள்வி நான் எதிர்பார்த்துப் படித்துப் போனதுதான்: பண்டைய சட்டத் தொகுப்புகள் சமூக ஒழுங்கை எப்படி அமைத்தன, ஒப்பிட்டு எழுதுக. பாபிலோன் அரசன் ஹமுராபியின் சட்டத்துக்கு இரண்டு பக்கம், ரோமின் பழைய சட்டத் தொகுப்பான பன்னிரண்டு பலகைகளுக்கு இரண்டு பக்கம், மனுவுக்கு ஒன்றரைப் பக்கம் என்று எழுதித் தள்ளினேன். ஈரானின் சூசாவில் கிடைத்த, ஹமுராபியின் சட்டம் பொறித்த கல்தூண், இரண்டேகால் மீட்டர் உயரம், 282 விதிகள், இப்போது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று ஒன்றையும் விடவில்லை. ஆனால் ஒப்பீடு என்று ஒரு வரிகூடக் கிடையாது. மூன்று சிறுகுறிப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிவிட்டு வந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அடுத்த முறை படிக்கும் விதத்தையே மாற்றினேன். தொகுப்பு தொகுப்பாகப் படிக்காமல், ஒரே காயத்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனேன். ஒருவன் இன்னொருவனின் கண்ணைக் குத்திவிட்டான், அல்லது எலும்பை முறித்துவிட்டான். யாருடைய கண், யாருடைய எலும்பு?

பாபிலோனில் உயர்குடி ஆள் இன்னொரு உயர்குடி ஆளின் கண்ணைக் கெடுத்தால் அவன் கண்ணும் போகும். அதுவே ஒரு படி கீழே இருப்பவனின் கண் என்றால் ஒரு மினா (அந்தக் கால எடை அளவு) வெள்ளி. அடிமையின் கண் என்றால் அந்த அடிமையின் விலையில் பாதி. 'கண்ணுக்குக் கண்' என்று நாம் பொதுவாகச் சொல்கிறோமே, அது சமமானவர்களுக்குள் மட்டும்தான். ஹமுராபி பற்றி ஒரே ஒரு வரிதான் நினைவில் நிற்கும் என்றால், இது நிற்கட்டும்.

இந்த இடத்தில் என் அசட்டுத்தனம் ஒன்று. அந்த மூன்று வகுப்பாரின் பெயர்கள் அவிலும், முஷ்கேனும், வர்தும். நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருந்ததைப் பார்த்து, கடைசி 'உம்' நம் ஊர் எண்ணும்மை என்று நினைத்து, முதல் முறை 'அவில், முஷ்கேன், வர்த்' என்று எழுதிவிட்டு வந்தேன். அது அக்காடிய மொழிச் சொல்லின் பகுதி. தமிழில் குறிப்பெடுப்பவர்கள் கவனம்.

ரோமின் பன்னிரண்டு பலகைகளில் (கி.மு. 451-450) எலும்பு முறிவுக்குப் பணம்: சுதந்திரமானவன் என்றால் 300 ஆஸ் (ரோமானியக் காசு), அடிமை என்றால் 150. உறுப்பையே சிதைத்துவிட்டால், சமரசம் பேசி முடிக்காதபோது பதிலுக்குப் பதில். சட்டத்தை எழுதி வையுங்கள் என்று போராடியவர்கள் பிளெபியன்கள், அதாவது சாதாரணக் குடிமக்கள். அதனால் எழுத்தில் வந்ததுமே சமத்துவம் வந்துவிட்டது போல நானும் முதலில் எழுதியிருந்தேன். ஆனால் பிளெபியனும் பெட்ரீசியனும் (உயர்குடியினன்) மணம் செய்துகொள்ளக் கூடாது என்ற தடையும் அதே பலகைகளில்தான் ஏறியது. கி.மு. 445-ல் கனுலேயஸ் சட்டம் வந்துதான் அது நீங்கியது.

மனுவில் கண்ணை விட்டுவிட்டு வசைச்சொல்லுக்குப் போனேன், அங்கேதான் கணக்கு பளிச்சென்று தெரிகிறது. பிராமணனைத் திட்டிய க்ஷத்திரியனுக்கு 100 பணம் (அந்தக் கால நாணயம்) அபராதம். சூத்திரனுக்கு உடல் தண்டனை. பிராமணன் சூத்திரனைத் திட்டினால் 12 பணம். ஆனால் திருட்டில் கணக்கு தலைகீழ்: சூத்திரனுக்கு எட்டு மடங்கு குற்றம், வைசியனுக்கு 16, க்ஷத்திரியனுக்கு 32, பிராமணனுக்கு 64. இதை எடுத்து எழுதினால் திருத்துபவர் நிமிர்ந்து பார்ப்பார். அதற்காக மனு சமநீதி பேசியது என்று முடித்துவிடாதீர்கள். என்ன குற்றம் செய்தாலும் பிராமணனைக் கொல்லக் கூடாது, சொத்தோடு நாடு கடத்தினால் போதும் என்பதும் அதே எட்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது.

கைடுகளில் அடிக்கடி வரும் ஒரு வாக்கியத்தை அப்படியே நம்பாதீர்கள்: 'முதலில் பழிக்குப் பழி இருந்தது, மனிதன் நாகரிகமடைந்ததும் அபராதம் வந்தது.' ஹமுராபிக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் மூத்தது உர்-நம்முவின் சுமேரியத் தொகுப்பு. அதில் கண்ணுக்கு அரை மினா வெள்ளிதான் தண்டனை. அபராதம் முந்தியது, கண் பிந்தியது.

அப்புறம், விதி வேறு நடப்பு வேறு என்று ஒரு பத்தியாவது எழுதுங்கள். பாபிலோனிய வழக்குகளும் ஒப்பந்தங்களும் களிமண் பலகைகளில் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. இந்தத் தூணின் விதியை எடுத்துக்காட்டித் தீர்ப்புச் சொன்னதாக அவற்றில் காண்பது மிக அரிது. 'நான் நீதிமான்' என்று அரசன் ஊருக்கும் தெய்வத்துக்கும் காட்டிக்கொண்ட கல் அது என்று பல ஆய்வாளர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். முகப்புரையையும் முடிவுரையையும் படித்தால் எனக்கும் அப்படித்தான் படுகிறது.

இரண்டாம் முறை நான் எழுதியது மொத்தம் நாலு பக்கம்தான். கண், எலும்பு, வசை, திருட்டு என்று நாலு துணைத் தலைப்பு. தூணின் உயரத்தை எழுதவே இல்லை. தாள் தேறியது.