தாத்தாவின் தேயிலைப் பெட்டி

மூன்றாவது தடவை சோப்புத் தண்ணீரால் துடைத்த பிறகுதான் எழுத்து தெரிந்தது. அடுப்புப் புகைக்குள் ஒளிந்திருந்த பாதி அழிந்த "சிலோன்".

ஹட்டனில் இன்று மத்தியானம்தான் கொஞ்சம் வெயில். தாத்தாவின் பெட்டியை வீட்டு முன்பக்க இஸ்தோப்புக்கு இழுத்துவந்தேன்.

ஒட்டுப்பலகை மெல்லியது. 80ஆம் நம்பர் சேண்ட் பேப்பரால் அழுத்தினால் மேல்படலமே போய்விடும். 180தான், அதுவும் மரத்தின் ரேகை போகும் பக்கமாக, மெதுவாக. ஓரத்துத் தகரப் பட்டியின் ஆணி ஒன்று விரலைக் கிழித்துவிட்டது. சரி, போகட்டும்.

உள்ளே ஒட்டிய உலோகத்தாள் அப்படியே இருக்கிறது. தேயிலையில் ஈரம் ஏறாமலிருக்க வைத்தது. பழைய பெட்டிகளில் அது ஈயமாகவும் இருக்கும் என்பதால் அதைச் சுரண்டவில்லை; அரிசி பருப்பும் போடமாட்டேன். தடித்த பொலித்தீன் விரித்து, கம்பளிகளை அடுக்கலாம்.

அம்மா எட்டிப் பார்த்தார்.

"எழுத்தையும் தேய்ச்சிட்டியா?"

"இல்லம்மா, அந்தப் பக்கம் தொடல."

இப்போது தேயிலை பெரும்பாலும் காகிதச் சாக்கில்தான் கப்பலேறுகிறது. இந்தப் பெட்டியில் நாட்டின் பெயர் இருக்கிறது. கொழுந்து கிள்ளிய பாட்டியின் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை.

மூடிக்கு உள்பக்கம் கொஞ்சம் வெறும் பலகை மிச்சம். பென்சிலை எடுத்தேன்.

நாளைக்கு மழை வராவிட்டால் வார்னிஷ்.