பேர் பதிந்தவர்களுக்கு மட்டும்

2020 ஏப்ரல் மாதம், ஊரடங்குச் சட்டம் தளர்த்தப்படுவதும் மீண்டும் போடப்படுவதுமாக இருந்த நாட்களில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றின் பெரிய கிளாக்கர் ஐயா ஹட்டனில் இருந்த என்னைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்ன வார்த்தைகள் இன்றும் அப்படியே நினைவில் நிற்கின்றன. "தம்பி, உள்ளுக்குப் போயிட்டேன்னு பச்சையா காட்டுது. ஆனா உள்ளுக்கு ஒண்ணுமே இல்லையே!" சம்பளத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது. தொழிலாளரின் வேலை நாளையும் சம்பளத்தையும் பதியும் செக்ரோல் கணக்கு கொழும்புத் தலைமையகத்தின் சேர்வருக்குப் போய்ச் சேராவிட்டால், 10ஆம் திகதி மலையில் யாருக்கும் காசு கிடைக்காது.

அதுவரை அந்தக் கணக்கு போய்ச் சேர்ந்த வழி வேறு. தோட்ட அலுவலகத்தில் ஒரு பென்டிரைவில் ஏற்றி, காகித உறைக்குள் போட்டு ஒட்டி, நோர்வூட் வழியாக ஹட்டனுக்கு வரும் யாராவது ஒருவரிடம் கொடுத்துவிடுவார்கள். பிராந்திய அலுவலகத்திலிருந்து நாங்கள் கொழும்புக்கு அனுப்புவோம். பஸ் நின்றதும் அந்த வழி அடைபட்டது. தோட்டங்களில் கொழுந்து பறிப்பதற்கு அனுமதி இருந்தது, தொழிற்சாலைகள் ஓடின, 1883 முதல் நேரில் கூடிக் கூவி நடத்தப்பட்டு வந்த கொழும்புத் தேயிலை ஏலம்கூட அந்த ஏப்ரலில் மின்னணு ஏலமாக மாறிவிட்டது. வேலை நிற்கவில்லை, வேலை செய்பவர்கள் அலுவலகத்துக்கு வருவது மட்டுமே நின்றிருந்தது. ஆகவே வீட்டிலிருந்தபடியே, தலைமையக வலையமைப்பின் வாசலில் காவலாக நிற்கும் ஃபயர்வோலுக்குள் நுழைவதற்கு, இணையத்தின் ஊடாகப் பிறர் பார்க்க முடியாதபடி போகும் விபிஎன் இணைப்பை எல்லோருக்கும் கொடுக்கும்படி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. கணினிப் பிரிவில் நாங்கள் இரண்டே பேர். கொடுக்கப்பட்ட அவகாசம் மூன்று நாள்.

இதற்கு முன்னர் நான் செய்து வைத்திருந்த ஒரு காரியத்தை இங்கே மறைப்பது நேர்மையாகாது. அதற்கு முந்தைய வருடம், கணக்காளர் ஒருவர் வீட்டிலிருந்து ஒரே ஒரு கணினியைப் பார்க்க வேண்டும் என்று நச்சரித்தபோது, ஃபயர்வோலில் 3389 என்ற போர்ட்டை, அதாவது எண்ணிட்ட ஒரு வாசலை, நேராக அந்தக் கணினிக்குத் திறந்துவிட்டிருந்தேன். தூரத்திலிருந்து ஒரு கணினியின் திரையை இயக்கும் தொலைமேசை இணைப்புக்கு உரிய போர்ட் அது என்பது உலகத்துக்கே தெரியும் என்பதால், வெளியில் காட்டும் எண்ணை வேறொன்றாக மாற்றி, பெரிய சாதுரியம் செய்துவிட்டதாகவும் எண்ணிக்கொண்டேன். விபிஎன் வேலைக்காக ஃபயர்வோலின் பதிவேட்டைத் திறந்து பார்த்தபோது, எங்கெங்கோ இருந்து யார் யாரோ இரவு பகலாகக் கடவுச்சொல்லை ஊகித்து முயன்ற தடயம் பக்கம் பக்கமாகக் கிடந்தது. தொலைமேசைச் சேவையில் கடவுச்சொல்லே இல்லாமல் நுழைய வழிவிடும் ப்ளூகீப் என்ற ஓட்டை 2019 மே மாதம் வெளிவந்து, கைவிடப்பட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசொஃப்ட் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. எங்கள் கணினி தப்பியது என் கெட்டித்தனத்தால் அல்ல. அந்த வழியை அன்றிரவே மூடினேன்.

விபிஎன் என்பதை விளக்கும்போது சுரங்கப்பாதை என்று சொல்வது வழக்கம். சுரங்கம் தோண்டுவது இந்த வேலையில் இலேசான பங்கு என்பது என் அனுபவம். குறியாக்கத்தைத் தெரிவுசெய்வது, வெளியிலிருந்து வருபவர்களுக்குக் கொடுக்க கணினிகளை அடையாளம் காட்டும் முகவரி எண்களில் ஒரு தனித் தொகுதியை ஒதுக்குவது, அந்தத் தொகுதிக்குப் போகும் பதில்கள் ஃபயர்வோல் வழக்கமாகச் செய்யும் முகவரி மாற்றத்துக்கு உட்படாதபடி விலக்குப் போடுவது ஆகியவை அரை நாள் வேலை. கடைசியாகச் சொன்ன விலக்கை மறந்தால் பயனர் உள்ளே வருவார், அவர் கேட்டது சேர்வருக்கும் போகும், பதில் மட்டும் வேறு வழியாகப் போய்த் தொலையும்.

அந்த அரை நாள் வேலையிலும் ஒரு தடவை அகப்பட்டுக்கொண்டேன். ஃபயர்வோல் கொழும்பில், நான் ஹட்டனில். எந்த இணைப்பின் வழியாக அதனோடு பேசிக்கொண்டிருந்தேனோ, அந்த இணைப்புக்கே பொருந்தும் விதியொன்றை மாற்றினேன். இருந்த கிளையை வெட்டியவன் கதைதான். திரை உறைந்தது. தலைமையகக் கட்டடத்தில் அந்நேரம் இருந்த ஒரே மனிதர் இரவுக் காவலாளி. எனக்குத் தெரிந்த சிங்களத்தில், மேல் தட்டில் நீல வயர் செருகியிருக்கும் பெட்டி எது என்று அவருக்கு விளங்க வைத்து, அதன் மின்சாரத்தை நிறுத்தி, பத்து வரை எண்ணி, மறுபடி போடச் சொன்னேன். மாற்றத்தை நிரந்தரமாகச் சேமிக்காமல் விட்டிருந்ததால் பெட்டி பழைய விதிகளோடு எழுந்து வந்தது. அன்று முதல், தூரத்திலிருந்து எதை மாற்றுவதானாலும், பத்து நிமிடத்தில் நான் உறுதிப்படுத்தாவிட்டால் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பும்படி முதலில் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் கைவைக்கிறேன்.

இனிப் பெரிய கிளாக்கர் ஐயாவின் பச்சை விளக்குக்கு வருகிறேன். இணைப்பு உண்மையாகவே ஏற்பட்டிருந்தது. என் பக்கத்துப் பதிவேட்டில் அவருடைய பெயர் இருந்தது, அவருக்கு முகவரியும் வழங்கப்பட்டிருந்தது. ஆனால் சேர்வரை நோக்கி அவரிடமிருந்து ஒரு பொதிகூட, அதாவது வலையில் போகும் தரவுத் துண்டு ஒன்றுகூட, வரவில்லை. ஒரு மணித்தியாலம் தேடியும் பிடிபடாமல் கடைசியில், கணினிக்குக் கட்டளை எழுதும் கறுப்புத் திரையைத் திறந்து அதில் தெரியும் எண்களை மேலிருந்து கீழாக வாசிக்கும்படி கேட்டேன். செக்ரோல் வாசித்துப் பழகிய குரலில், ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி வாசித்தார். "நூத்தித் தொண்ணூத்திரெண்டு, புள்ளி, நூத்தி அறுபத்தெட்டு, புள்ளி, ஒண்ணு…" அங்கேயே எனக்கு விளங்கிவிட்டது.

192.168 என்று தொடங்கும் முகவரிகள் 1996இல் வகுக்கப்பட்ட ஏற்பாட்டின்படி எவரும் தம் வீட்டுக்குள்ளோ அலுவலகத்துக்குள்ளோ அனுமதி கேட்காமல் பயன்படுத்தக்கூடியவை. கடையில் வாங்கும் ரவுட்டர்களில் பல 192.168.1 என்ற வரிசையோடுதான் பெட்டியிலிருந்து வெளிவருகின்றன. எங்கள் தலைமையகத்தை முன்னொரு காலத்தில் அமைத்தவரும் அதே வரிசையையே போட்டுவிட்டுப் போயிருந்தார். செக்ரோல் சேர்வரின் முகவரி 192.168.1.10. ஐயாவின் மடிக்கணினியைப் பொறுத்தவரை அது பக்கத்து அறையில் இருக்க வேண்டிய முகவரி. ஆகவே அது சுரங்கத்துக்குள் இறங்காமல், வீட்டுக்குள்ளேயே "பத்தாம் எண் யார், பத்தாம் எண் யார்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. எல்லாப் போக்குவரத்தையும் சுரங்கத்துக்குள் அனுப்பு என்று கட்டளை போட்டாலும் இது தீராது, ஏனெனில் தன் சொந்த வலையமைப்பைப் பற்றிய குறிப்பான வழியையே கணினி முதலில் எடுத்துக்கொள்ளும்.

அன்றைய அவசரத்துக்கு ஃபயர்வோலில் ஒரு பொய் முகவரியைக் கட்டினேன். வெளியிலிருந்து வருபவர்கள் 10.40.1.10 என்று தேடுவார்கள், ஃபயர்வோல் அதை உள்ளே 192.168.1.10 என்று மாற்றிக் கொடுக்கும். ஐயா நள்ளிரவுக்கு முன் கணக்கை ஏற்றி முடித்தார். தலைமையகத்தின் முழு வரிசையையும் மாற்றும் உண்மையான வேலையைச் சில மாதங்கள் கழித்து ஒரு போயா (பௌர்ணமி) விடுமுறையில் செய்தோம். சேர்வர்கள் முரண்டு பிடிக்கவில்லை. யாருக்கும் நினைவில்லாத முகவரியோடு மூலையில் கிடந்த அச்சுப்பொறிகள்தான் உயிரை வாங்கின.

மலைக்கே உரிய தொல்லை ஒன்றும் இருந்தது. கோபுரம் தெரியும் மேட்டு வீடுகளில் மொபைல் இணைப்பு நன்றாக இருக்கும், பள்ளத்தாக்கில் உள்ள குவாட்டர்ஸ்களில் ஜன்னலோரத்தில் வைத்தால்தான் ரவுட்டருக்கு உயிர் வரும். அப்படிப்பட்ட ஒரு வீட்டிலிருந்து தொழிற்சாலை உத்தியோகத்தர் ஒருவர் புகார் சொன்னார்: உள்நுழையும் பக்கம் திறக்கிறது, பெயர்ப் பட்டியல் திறக்கிறது, மாத அறிக்கையைக் கேட்டால் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சின்னது போகிறது, பெரியது போகவில்லை என்றால் பொதியின் அளவைச் சந்தேகிக்க வேண்டும். சாதாரணமாக ஒரு பொதி 1500 பைட் வரை இருக்கலாம், சுரங்கத்துக்காகச் சுற்றும் மேலுறை அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், இடையில் உள்ள ஏதோ ஓர் இணைப்பு அதைவிடக் குறைவாகவே தாங்கும். "பெரிதாக இருக்கிறது, உடைத்து அனுப்பு" என்ற மறுசெய்தியும் வழியில் எங்கோ தடுக்கப்பட்டால், அனுப்பியவர் காத்திருப்பார், பெறுபவரும் காத்திருப்பார். உடைக்கக் கூடாது என்ற குறியோடு, பிங் என்ற சோதனைப் பொதியை வெவ்வேறு அளவில் அனுப்பிப் பார்த்தோம். 1472, பதிலில்லை. 1400, பதிலில்லை. 1340, பதில் வந்தது. ஃபயர்வோலில் பொதிக்குள் செல்லும் சரக்கின் உச்ச அளவை 1300ஆகக் கட்டுப்படுத்தினோம், அறிக்கை உடனே திறந்தது. நாள் முழுக்க மழையைத் திட்டிக்கொண்டிருந்தவர் அதன் பிறகும் காரணம் மழைதான் என்றே நம்பினார்.

கடவுச்சொல்லோடு, கைபேசியில் 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் ஆறிலக்க எண்ணையும் கட்டாயமாக்கினோம். ஒருவருடைய எண்ணை மட்டும் ஃபயர்வோல் ஏற்கவே மறுத்தது. கடைசியில் பார்த்தால், காலை பஸ்ஸைத் தவறவிடக் கூடாது என்று கைபேசியின் கடிகாரத்தை ஐந்து நிமிடம் முன்னே ஓட விட்டிருந்தார். அந்த எண் நேரத்தைக் கொண்டே கணிக்கப்படுவது என்று அவருக்குச் சொல்லிக் கடிகாரத்தைத் திருத்த வைப்பது, தொழில்நுட்பத்தைவிடக் கடினமாக இருந்தது.

இவையெல்லாம் தீர்ந்த பிறகுதான், ஒரு மாதம் கழித்து, ஐயா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். தோட்டத்தில் "பேர்" என்ற சொல்லுக்குத் தனிக் கனம் உண்டு. பேர் பதிந்தவர்தான் தொழிலாளி, முழு நாள் வேலைக்கு ஒரு பேர், கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். முப்பது வருடத்துக்கு மேல் அந்தப் பேர்களைக் காத்தவர் அவர். ஓய்வுபெற்றவர், இடம் மாறியவர், இறந்தவர் ஆகியோருடைய பெயர்களை மாத முடிவில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வெட்டாமல் அவர் கணக்கை மூடியதில்லை. அவர் கேட்டது இதுதான்: "செத்தவன் பேர்ல சம்பளம் போச்சுன்னா தோட்டத்துல கள்ளன் இருக்கான்னு அர்த்தம் தம்பி. உங்க லிஸ்ட்டுல செத்தவன் எத்தனை பேர் இருக்கான்?"

விளையாட்டாகச் சிரித்துவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். பிறகு உட்கார்ந்து பட்டியலைப் பார்த்தேன். வேறு கம்பனிக்குப் போய்விட்ட சின்னத்துரை (உதவித் தோட்ட முகாமையாளர்) ஒருவர், ஒரே ஒரு வாரத்துக்கென்று திறந்துகொடுத்த மென்பொருள்காரர், என் கைச் சோதனைக்காக நானே உருவாக்கி மறந்துபோன "டெஸ்ட்" என்ற பயனர், எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். அந்த டெஸ்டுக்கு ஆறிலக்க எண்ணும் கேட்கப்படவில்லை. அதைவிட மோசம், அவசரத்தில் எல்லோரையும் ஒரே குழுவில் போட்டிருந்ததால், செக்ரோல் கிளாக்கரும் விரும்பினால் தலைமையகத்தின் எந்தக் கணினியையும் எட்டிப் பார்க்கலாம். சுரங்கத்தை நான் இறுக்கமாகக் கட்டியிருந்தேன், அதன் மறுமுனையை அப்படியே முற்றவெளியில் கொண்டுபோய் விட்டிருந்தேன்.

மறுவருடம் 2021 மே மாதம் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் எண்ணெய்க் குழாய் முடங்கிய செய்தி வந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கணினிகளை முடக்கிப் பணம் கேட்கும் பணயத் திருடர்கள் நுழைந்த வழி, பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய விபிஎன் கணக்கு. அதற்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இருக்கவில்லை. அந்த நிறுவனம் 75 பிட்காயின் கொடுத்தது.

அதற்குள் எங்கள் பட்டியலை ஐயாவின் முறைப்படி மாற்றியிருந்தோம். யார் என்ன வேலை செய்கிறாரோ அந்த வேலைக்குரிய சேர்வரும் போர்ட்டும் மட்டுமே அவருக்குத் திறக்கும். ஒவ்வொரு மடிக்கணினிக்கும், அது எங்களுடையதுதான் என்று ஃபயர்வோலுக்குக் காட்டும் தனி மின்னணுச் சான்றிதழ் உண்டு. என் சகா அதற்குத் துண்டு என்று பெயர் வைத்தான். பாட்டன்மார் காலத்தில் ஒரு தோட்டத்தைவிட்டு இன்னொன்றுக்குப் போகத் துரையிடம் துண்டு வாங்க வேண்டியிருந்ததும், கடன் தீராதவனுக்கு அது கிடைக்காததும், அந்த முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்ததும் அவனுக்குத் தெரிந்துதான் வைத்தானா என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு மாதமும் 25ஆம் திகதி ஆளணிப் பிரிவின் பெயர்ப் பட்டியலையும் ஃபயர்வோலின் பட்டியலையும் அருகருகே வைத்து, அடிமட்டம் பிடித்து, வரி வரியாக ஒப்பிடுகிறோம். இதைத் தானாகச் செய்யும் வசதிகள் உண்டு. இருந்தாலும் பெயரைக் கண்ணால் பார்த்தால்தான் "இவர் போய்விட்டாரே" என்ற நினைவு வருகிறது என்பதால் கையால் செய்வதை நான் விடவில்லை.

மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை நீண்ட 2022 மார்ச் இறுதியில், கோபுரங்களின் பெற்றரிகளும் இறங்கி, இணைப்பு வருவதும் போவதுமாக இருந்தபோதும், ஐயா மின்சாரம் வரும் நேரத்தைக் கேட்டறிந்து அதற்கேற்பக் கணக்கை ஏற்றிக்கொண்டிருந்தார். அந்த வருட முடிவில் ஓய்வுபெற்றார். கடைசி நாள் மாலை என்னை அழைத்தார். "தம்பி, அஞ்சு மணிக்கு எம் பேரை வெட்டிருங்க. நாளைக்குப் பாப்போம்னு வச்சிராதீங்க." ஐந்து மணிக்கே அவருடைய சான்றிதழை இரத்துச் செய்து, கணக்கையும் மூடினேன்.

இரண்டு நாள் கழித்துப் பதிவேட்டில் அவருடைய பெயரில் ஒரு முயற்சி நிராகரிக்கப்பட்டிருந்ததைக் கண்டதும் எனக்குத் திக்கென்றது. உடனே அழைத்தேன்.

"நான்தான் தம்பி," என்றார். "வெட்டிட்டீங்களான்னு பாத்தேன்."