டென்னிஸ் கோர்ட் கட்டினேன், பாதிப் பணம் மண்ணுக்குள் போனது

முதலில் நான் போட்ட கணக்கு ஒரு வரிதான். டென்னிஸ் கோர்ட்டின் நீளம் 78 அடி, இரட்டையர் ஆட்டத்துக்கு அகலம் 36 அடி. பெருக்கினால் 2,808 சதுர அடி. வீட்டுக்குப் பின்னால் 135க்கு 125 அடி நிலம் சும்மா கிடந்தது. தாராளமாக ஒரு கோர்ட் போட்டுவிட்டு மிச்சத்தில் தோட்டமும் வைக்கலாம் என்று மனைவியிடம் சொன்னேன். "கோட்டுக்கு வெளியே ஓடிப்போய்ப் பந்தை எடுக்க மாட்டீங்களா?" என்று கேட்டாள்.

அவள் கேட்டது சரிதான். பேஸ்லைனுக்கு, அதாவது கோர்ட்டின் முனைக் கோட்டுக்கு, பின்னால் 21 அடி, பக்கவாட்டில் 12 அடி விடுவதுதான் வழக்கம். இரண்டு பக்கமும் சேர்த்தால் 120க்கு 60 அடி, அதாவது 7,200 சதுர அடி. பொழுதுபோக்காக ஆடுகிறவர்கள் பின்னால் 18, பக்கத்தில் 10 என்று சுருக்கிக்கொள்ளலாம். அதற்கும் கீழே போனால், எகிறி வரும் பந்துக்குப் பின்வாங்கும்போது முதுகு வேலியில் இடிக்கும். நான் முழு அளவையே எடுத்துக்கொண்டேன். கணக்கு இரண்டரை மடங்கானது அங்கேதான்.

அடுத்த சண்டை திசைக்கு. கோர்ட்டைக் கிழக்கு மேற்காகப் போட்டால் நிலத்தின் ஓரத்தில் அழகாக ஒட்டிக்கொள்ளும். வடக்கு தெற்காகப் போட்டால் பின்புறத்தை இரண்டாக வெட்டும், பெரிய மரம் ஒன்றும் போக வேண்டியிருக்கும். ஒரு மாலை ஐந்தரை மணிக்கு ராக்கெட்டை எடுத்துக்கொண்டு போய், கோர்ட் வரப்போகும் இடத்தில் மேற்கு பார்த்து நின்று, சர்வ் போடுவதுபோலப் பந்தைத் தூக்கிப் போட்டுப் பார்த்தேன். பந்து போன இடமே தெரியவில்லை, கண்ணுக்குள் சூரியன் மட்டும்தான். நாங்கள் ஆடப்போவது காலையிலும் மாலையிலும்தான் என்பதால் வடக்கு தெற்கு என்று முடிவானது. மரத்தை வெட்டியதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. ஆனால் அது நின்றிருந்தாலும் வேர் கோர்ட்டுக்கு அடியில் வந்து சில வருடங்களில் தளத்தைத் தூக்கியிருக்கும், இலையும் நிழலும் தனித் தொல்லை.

மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினேன். மிகக் குறைந்த தொகை, மிக அதிகமானதில் பாதிதான் இருந்தது. சந்தோஷப்பட்டு முன்பணம் கொடுக்கப் போனவனை நண்பர் ஒருவர் தடுத்தார். மூன்றையும் ஒரே தாளில் வரிசையாக எழுதிப் பார்க்கச் சொன்னார். எழுதினதும் விஷயம் வெளியே வந்தது. மலிவானதில் மண் தோண்டுவது இல்லை, தோண்டிய மண்ணை வெளியேற்றுவது இல்லை, வடிகால் இல்லை, வேலி இல்லை. நெட் கம்பம்கூட இல்லை! அடியில் சிறிய எழுத்தில் "தயாரான மட்டமான நிலத்தில்" என்று ஒரு வாக்கியம். அந்தத் தயாரான மட்டமான நிலத்துக்குத்தான் என் பணத்தில் பெரும்பங்கு போனது.

மண்ணைச் சோதித்தபோது களிமண் என்று தெரிந்தது. ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதன்மேல் எதைப் போட்டாலும் விரிசல் விடும். ஒன்றரை அடி ஆழத்துக்கு எடுத்துவிட்டு, நல்ல மண்ணை அரையடி அரையடியாக நிரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் ரோலர் விட்டு இறுக்க வேண்டும் என்றார் கான்ட்ராக்டர். 7,200 சதுர அடியில் ஒன்றரை அடி என்றால் 10,800 கன அடி. முப்பதுக்கும் மேற்பட்ட லோடு மண் வெளியே போனது, கிட்டத்தட்ட அதே அளவு உள்ளே வந்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதை அந்த இரண்டு வாரத்தில் நேரில் பார்த்தேன். லாரி போய்ப் போய் வீட்டு முன்பாதை நொறுங்கிப்போனதும், அதைத் திரும்பப் போட்டதும் எந்தக் கொட்டேஷனிலும் இல்லாத செலவு. வண்டி வர வழி இருக்கிறதா, கனமான லாரியை அந்த வழி தாங்குமா என்பதை முதல் நாளே பாருங்கள்.

அப்புறம் மேல்தளம். செம்மண் நிறத்தில் இருக்குமே, செங்கல் தூள் பரப்பிய களிமண் கோர்ட், அதன்மேல் எனக்கு ஆசை. முழங்காலுக்கு இதமானது, பந்து மெதுவாக வரும், சறுக்கி ஆடலாம். ஆனால் தினமும் தண்ணீர் தெளிக்க வேண்டும், இழுத்து மட்டப்படுத்த வேண்டும், ரோலர் விட வேண்டும், கோடுகளைக் கூட்டித் துடைக்க வேண்டும். அதற்கென்று ஒரு ஆள் இருந்தால் சரி. ஆடவே நேரம் கிடைக்காத வீட்டில் அது இரண்டே மாதத்தில் தரிசாகிவிடும். புல் தரையைப் பற்றி யோசிக்கக்கூட இல்லை. மணல் தூவிய செயற்கைப் புல் பராமரிப்புக்கு எளிது, மழை நின்ற கொஞ்ச நேரத்தில் ஆடலாம். ஆனால் பந்து தாழ்வாக வழுக்கிக்கொண்டு வரும். எனக்கு அந்த ஆட்டம் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

மிச்சம் இருந்தது ஹார்ட் கோர்ட், அதாவது கெட்டித் தளம். அதிலும் தாரா, கான்கிரீட்டா என்று கேள்வி. தார் மலிவு. ஆனால் வருடங்கள் போகப்போக இறுகி விரிசல் விடும். அடைத்தாலும் அதே இடத்தில் மறுபடி வாய் திறக்கும். சாதாரண கான்கிரீட்டில் இணைப்பு இடைவெளி விட வேண்டும், அந்த இடைவெளியே பின்னால் தலைவலியாகும். அடியில் களிமண் என்பதால் நான் போஸ்ட் டென்ஷன் கான்கிரீட்டுக்குப் போனேன். மூன்றில் இதுதான் அதிகச் செலவு. உறை போட்ட எஃகுக் கம்பிவடங்களை நீளத்திலும் அகலத்திலும் பரப்பி, மேலே கான்கிரீட் கொட்டி, அது ஓரளவு இறுகியதும் வடங்களை இழுத்துப் பூட்டிவிடுவார்கள். மொத்தத் தளமும் ஒரே பலகையாக நெருக்கிப் பிடிக்கப்பட்டிருக்கும், நடுவில் இணைப்பு கிடையாது. தளம் சுருங்கும்போது தடையில்லாமல் நகர அடியில் பிளாஸ்டிக் தாள் விரிப்பார்கள். அதுவே மண் ஈரத்தையும் தடுக்கும்.

கொட்டிய நாளை மறக்க முடியாது. ஐந்து அங்குலக் கனத்தில் 3,000 கன அடி, அதாவது சுமார் 85 கன மீட்டர். நடுவில் நிறுத்த முடியாது. விடிவதற்கு முன் ஆரம்பித்து இருட்டிய பிறகும் விளக்கு வைத்து வேலை நடந்தது. நான் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மழை வரவில்லை, வேறொன்று வந்தது. தளத்தின் மேற்பரப்பை விளக்குமாறு இழுத்ததுபோல லேசான சொரசொரப்போடு விட வேண்டும், அப்போதுதான் மேல் பூச்சு பிடிக்கும். பழக்க தோஷத்தில் ஒருவர் ஒரு மூலையை வீட்டுத் தரை மாதிரி வழவழவென்று தேய்த்து முடித்துவிட்டார். "பளபளன்னு இருக்கே, நல்லாத்தானே சார் இருக்கு?" என்றார். அந்த மூலையைப் பின்னால் இயந்திரம் வைத்துச் சுரண்ட வேண்டியதாயிற்று.

மழைத் தண்ணீர் ஓடுவதற்கான வாட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கோர்ட் முழு மட்டமாக இருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் 10 அடிக்கு ஒரு அங்குலம் சரிந்திருக்க வேண்டும், அதுவும் ஒரே திசையில். நெட் இருக்கும் நடுப்பகுதியை மேடாக வைத்து இருபுறமும் சரிப்பதோ, நெட்டை நோக்கிப் பள்ளமாக்குவதோ கூடாது. பக்கவாட்டில் சரித்தால் 60 அடிக்கு 6 அங்குலம்தான் இறக்கம், ஆடும்போது தெரியவே தெரியாது. நீளவாக்கில் சரித்தால் ஒரு அடி இறங்கிவிடும், தண்ணீரும் இரண்டு மடங்கு தூரம் ஓட வேண்டும். உயரமான பக்கத்துக்கு வெளியே, தோட்டத்துத் தண்ணீர் கோர்ட்டுக்குள் வராதபடி ஜல்லி நிரப்பிய வாய்க்கால் ஒன்றும் வேண்டும். எனக்கு அது கூடுதல் செலவாகத் தெரிந்தது, விட்டுவிடலாமா என்றுகூடக் கேட்டேன். கான்ட்ராக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. நல்லவேளை.

28 நாள் காத்திருந்த பிறகு தண்ணீர்ச் சோதனை. ஹோஸ் வைத்துத் தளம் முழுக்க நனைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தோம். எங்காவது தேங்கியிருந்தால் அதில் நாணயம் ஒன்றைப் படுக்க வைக்க வேண்டும். நாணயம் மூழ்கினால் அந்தப் பள்ளத்தை நிரப்பியாக வேண்டும். எங்களுக்கு இரண்டு இடம் அகப்பட்டது, ஒன்று சரியாகப் பேஸ்லைனில் காலை ஊன்றும் இடத்தில். கடைசித் தவணைப் பணம் இந்தச் சோதனைக்குப் பிறகுதான் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தேன். அதனால் வாக்குவாதம் இல்லாமல் வந்து அடைத்துக் கொடுத்தார்கள். நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அந்த வரியை எழுதியதுதான்.

வண்ணம் அடிப்பது பார்க்க அழகு, செலவில் பெரிய பங்கு இல்லை. மணல் கலந்த அக்ரிலிக் அடிப்பூச்சு, அதன்மேல் இரண்டு முறை வண்ணப் பூச்சு. மணல் பருமனாகவும் அதிகமாகவும் இருந்தால் பந்து தரையில் கவ்வி மெதுவாக எழும்பும், குறைந்தால் வேகமாகப் பாயும். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு தளங்களை மெதுவிலிருந்து வேகம்வரை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. பிள்ளைகள் கற்றுக்கொள்ளட்டும் என்று நான் மெதுவான பக்கம் கேட்டேன். பந்தும் ஷூவும் சீக்கிரம் தேய்கின்றன என்பது அதன் விலை.

கோடு போடும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். நீள அகலம் சரியாக இருந்தாலும் மூலைகள் கோணலாக இருக்கலாம். மூலைக்கு மூலை டேப் பிடித்தால் இரண்டு குறுக்களவும் 85 அடி 11 அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவாக வர வேண்டும். எங்களுக்கு முதல் முறை இரண்டு அங்குலம் வித்தியாசம் வந்தது. கோடு அடிக்க ஓரத்தில் ஒட்டிய டேப்பைப் பிரித்து மறுபடி ஒட்டினார்கள்.

வேலியில் கொஞ்சம் மிச்சம் பிடித்தேன். இரண்டு முனைகளில் மட்டும் 10 அடி உயரம், பக்கவாட்டில் நெட் அருகே தாழ்வாக. காற்றுத் தடுக்கத் துணி கட்டப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். துணி கட்டிய வேலி பாய்மரம் மாதிரி, சாதாரணக் கம்பத்தைச் சாய்த்துவிடும்.

விளக்கு இன்னும் போடவில்லை. வீட்டு ஆட்டத்துக்கு 200 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) போதும், கிளப் அளவுக்கு 300, பெரிய போட்டிக்கு 500 என்று கணக்கு சொன்னார்கள். கம்பங்கள் பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும், பேஸ்லைனுக்குப் பின்னால் வைத்தால் கண் கூசும். பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலை நினைத்துத் தள்ளிப்போட்டேன். ஆனால் வயர் போகும் குழாயை மட்டும் கான்கிரீட்டுக்கு முன்பே புதைத்து வைத்தாயிற்று. பிறகு அதற்கு வழியே கிடையாது. அனுமதி வாங்கும்போதும் கோர்ட்டைவிட வேலி உயரமும் விளக்கும்தான் அதிகம் விசாரிக்கப்பட்டன.

மொத்தச் செலவில் பாதிக்குச் சற்று மேல் தரைக்கு அடியிலும் வடிகாலிலும் போனது. கான்கிரீட்டும் வடமும் அடுத்து. வேலி, பூச்சு, நெட் எல்லாம் சேர்ந்தே ஆறில் ஒரு பங்குதான். நான் ஒதுக்கி வைத்திருந்த பத்து சதவீத உபரி மண் வேலையிலேயே கரைந்தது. கையில் பணம் குறைவென்றால் தளத்தைக் கெடுக்காதீர்கள், வேலியைத் தள்ளிப்போடுங்கள். இல்லையென்றால் ஒரு சுவரும் அரைக் கோர்ட்டும் போதும், தனியாக அடித்துப் பழகுகிறவருக்கு அதுவே நிறைய.

நான்கு முதல் எட்டு வருடத்துக்குள் மேல் பூச்சை மறுபடி அடிக்க வேண்டிவரும், அதற்கு வருடாவருடம் கொஞ்சம் எடுத்து வைக்கிறேன். நிழல் விழும் ஓரத்தில் பாசி பிடிக்கிறது, தேய்த்துக் கழுவுகிறேன். போன மாதம் பையன் கோர்ட் ஓரத்தில் கூடைப்பந்து வளையம் வைக்கலாம் என்று துளைபோடும் இயந்திரத்தோடு கிளம்பினான். ஓடிப்போய்த் தடுத்தேன். உள்ளே இழுத்துக் கட்டிய வடம் இருக்கிறது, அதில் பட்டால் ஆபத்து. தளத்துக்கு வெளியே குழி தோண்டி நட்டோம். ஒன்றரை அடி தோண்டியதும் அதே களிமண்.