குழந்தைப் பராமரிப்பு வவுச்சரிலிருந்து அரசுக் கணக்குக்கு மாறிய அனுபவம்

பிரிட்டனில், சம்பளத்தின் ஒரு பகுதியை வரியில்லாமல் பிடித்து, அதற்கு ஈடாகக் குழந்தைப் பராமரிப்புக் கட்டணம் செலுத்த உதவும் வவுச்சரை நிறுவனங்கள் வழியாகப் பெற்றோருக்குத் தந்துவந்த திட்டத்தில், 2018 அக்டோபர் 4ஆம் தேதிக்குப் பிறகு புதிதாக யாரும் சேர முடியாமல் போனது. அதற்கு முன்பே சேர்ந்தவர்கள், அதே நிறுவனத்தில் நீடித்து, நிறுவனமும் திட்டத்தை நடத்தும்வரை தொடரலாம் என்பதால், லண்டனில் வேலை பார்க்கும் நானும் என் கணவரும் அதிலேயே இருந்தோம். 2019இல் இளையவளை நர்சரியில் சேர்க்க வேண்டி வந்தபோதுதான், ‘டாக்ஸ் ஃப்ரீ சைல்டுகேர்’ என்ற அரசுத் திட்டத்துக்கு மாறுவதா என்று யோசிக்கத் தொடங்கினோம்.

முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். வவுச்சருக்காக மாதம் 243 பவுண்டு வரை சம்பளத்தில் பிடிப்பார்கள். அந்தத் தொகைக்கு 20 சதவீத வருமான வரியும், அப்போது 12 சதவீதமாக இருந்த நேஷனல் இன்சூரன்ஸ் என்ற சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் கட்ட வேண்டியதில்லை என்பதால், அடிப்படை வரி விகிதத்தில் இருந்த ஒருவருக்கு ஆண்டுக்கு 933 பவுண்டு மிச்சமானது. இருவருக்கும் சேர்த்து 1,866. புதிய திட்டத்தில், குழந்தைப் பராமரிப்புக்கென அரசு நடத்தும் இணையக் கணக்கில் நாம் 8 பவுண்டு போட்டால் அரசு 2 பவுண்டு சேர்க்கும். அரசு தரும் பங்குக்குப் பொதுவாக ஒரு குழந்தைக்கு ஆண்டில் 2,000 பவுண்டுதான் உச்சவரம்பு. அரசின் பங்கு கட்டணத்தில் ஐந்தில் ஒன்று என்பதால், மொத்தக் கட்டணம் ஏறத்தாழ 9,330 பவுண்டைத் தாண்டினால்தான் எங்களைப் போன்றவர்களுக்கு மாறுவதில் லாபம். எங்களுக்கு இரு குழந்தைகளுக்கும் சேர்த்து 12,000 பவுண்டு ஆனதால், அரசின் பங்கு 2,400 பவுண்டாக இருந்தது.

ஆனால் இது ஒருவழிப் பாதை. வவுச்சரை விட்டுவிட்டால் திரும்பச் சேர முடியாது. வவுச்சர் குழந்தையின் 15 வயது வரை உதவும், புதிய திட்டமோ பொதுவாக 11 வயதோடு முடிந்துவிடும். பெற்றோரில் ஒருவர் வேலையை விட்டாலும் மற்றவருக்கு வவுச்சர் தொடரும்; புதிய திட்டத்துக்கு இருவரும் சம்பாதிக்க வேண்டும் என்பதே பொது விதி. ஒருவர் சம்பளத்தில் ஓடும் குடும்பங்களை இப்படி வெளியே நிறுத்தியது நியாயமில்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

எங்கள் நர்சரியும் மூத்தவனின் பள்ளி நேரத்துக்குப் பிந்தைய காப்பகமும் புதிய திட்டத்தில் பதிவு செய்திருக்கின்றனவா என்று கேட்டு உறுதிசெய்த பிறகே இணையத்தில் விண்ணப்பித்தோம். விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் 90 நாள்களுக்குள், வவுச்சரை நிறுத்தச் சொல்லி நாம் வேலை பார்க்கும் அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதன்பின் வந்த பே ஸ்லிப்பில் பிடித்தம் நின்றிருக்கிறதா என்று இருவரும் சரிபார்த்தோம். அதுவரை சேர்ந்திருந்த வவுச்சர்களைத் தனியாகச் செலவழித்து முடித்தோம்.

ஒவ்வொரு குழந்தைக்கும் தனிக் கணக்கு உண்டு. வங்கியிலிருந்து பணம் அனுப்பும்போது அந்தந்தக் குழந்தைக்குரிய குறிப்பு எண்ணைப் பிழையின்றி இட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எங்கள் வேலையும் வருமானமும் மாறவில்லை என்று உறுதிசெய்யச் சொல்லி நினைவூட்டல் வரும். அதைத் தவறவிட்டால் அரசின் பங்கு நின்றுபோகும் என்பதால், அந்தத் தேதியை இருவருடைய கைபேசியிலும் குறித்து வைத்துக்கொண்டோம்.