எழுதி முடித்த ஒப்படையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது

இணையப் பேக்கேஜ் பலவற்றில் பகல் டேட்டா கொஞ்சம், இரவு டேட்டா தாராளம். அந்த இரவு டேட்டா நள்ளிரவு 12க்குத்தான் திறக்கும். இணையத்தில் ஏற்றும் ஒப்படையின் கதவு பெரும்பாலும் இரவு 11.59க்கு மூடிவிடும். பகல் டேட்டாவை எல்லாம் பாடக் காணொளிகளில் கரைத்துவிட்டு, "ராவைக்குத்தான் இருக்கே" என்று காத்திருக்கும் பிள்ளைக்கு அந்த ஒரு நிமிடம் போதும், புள்ளி போய்விடும்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விடுதி கிடைக்காமல் வீட்டிலிருந்து போய்வருபவர், பாடசாலையில் படிப்பித்துக்கொண்டே திறந்த பல்கலைக்கழகத்தில் பதிந்திருப்பவர், ஊவா வெல்லஸ்ஸவிலிருந்து லீவுக்குத் தோட்டத்துக்கு வந்திருப்பவர் எல்லோருக்கும் எழுதுவது ஒரு வேலை, ஒப்படைப்பது இன்னொரு வேலை. இரண்டாவது வேலைக்கென்று ஒரு முழு நாளை ஒதுக்காதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள். எழுத்து நன்றாகத்தான் இருக்கும். பைல்தான் போய்ச் சேர்ந்திருக்காது.

முதலில் காலக்கெடுவைச் சரியாக வாசியுங்கள். ஒப்படையை ஏற்றும் பல்கலைக்கழக இணையத்தளமான மூடிலில் "டியூ டேட்" ஒன்று, "கட்-ஓஃப் டேட்" இன்னொன்று. டியூ டேட் தாண்டினாலும் சில வேளை பைலை ஏற்றுக்கொள்ளும். ஆனால் பிந்தியது என்று சிவப்பில் எழுதிவைக்கும். கட்-ஓஃப் தாண்டினால் ஏற்றும் பட்டனே இருக்காது. "வெள்ளிக்கிழமை 12.00 ஏ.எம்." என்று போட்டிருந்தால் அது வெள்ளி இரவு அல்ல. வியாழன் இரவு முடிந்து வெள்ளி பிறக்கிற அந்த நொடி. வெள்ளி பகல் முழுதும் கிடக்கிறது என்று நினைத்தால் ஏற்கெனவே ஒரு நாள் பிந்தியாயிற்று. உங்கள் புரொபைலில் நேர வலயம் வேறு நாடாக இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். இருந்தால், திரையில் காட்டும் மணியும் வீட்டு மணிக்கூடும் ஒன்றாக இருக்காது.

அடுத்தது, நிறையப் பேர் விழும் பள்ளம். பைலை ஏற்றி "சேவ் சேஞ்சஸ்" அழுத்தியதும் வேலை முடிந்ததாக நினைத்துப் போனை மூடிவிடுகிறார்கள். சில பாடங்களில் அதற்குப் பிறகும் "சப்மிட் அசைன்மென்ட்" என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தும்வரை நிலை என்ற வரியில் "ட்ராப்ட், நொட் சப்மிட்டட்" என்றே நிற்கும். "சப்மிட்டட் போர் கிரேடிங்" என்று மாறினால்தான் கொடுத்ததாக அர்த்தம். குழு ஒப்படையில் இன்னொரு சிக்கல் உண்டு. விரிவுரையாளர் வைத்திருக்கும் அமைப்பைப் பொறுத்து ஒருவர் அழுத்தினால் போதும், அல்லது குழுவில் எல்லோரும் அழுத்த வேண்டும். இரண்டாவது வகையில் ஒருவர் மறந்தாலும் முழுக் குழுவுக்கும் அது ட்ராப்ட்தான்.

தமிழில் எழுதுபவர்களுக்கு பாமினி எழுத்துரு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து டைப்பிங் கடைகளில் இன்னும் பாமினி ஓடுகிறது. அது எல்லாக் கணினியிலும் போனிலும் தமிழாகவே தெரியும் யுனிகோட் அல்ல. திரையில் "தமிழ்" என்று தெரிந்தாலும் பைலுக்குள் கிடப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். அவற்றுக்குப் பாமினி என்ற சட்டையை மாட்டியிருக்கும்வரைதான் அது தமிழ். விரிவுரையாளரின் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் உங்கள் பதினைந்து பக்கமும் புரியாத ஆங்கிலக் கிறுக்கலாக விரியும். போனில் திறந்தாலும் அதே கதி. மற்றவர் எழுத்தோடு ஒற்றுமை பார்க்கும் மென்பொருளுக்கும் அந்தக் கிறுக்கல்தான் போகும், ஆகவே அது தரும் அறிக்கையில் பொருளில்லை.

ஆகவே யுனிகோடுக்கு மாற்றியே தீர வேண்டும். இணையத்தில் இலவச மாற்றிகள் கிடைக்கின்றன. ஆனால் முழு ஒப்படையையும் ஒரேயடியாக ஒட்டி மாற்றாதீர்கள். மாற்றிக்கு எது பாமினி, எது உண்மையான ஆங்கிலம் என்று தெரியாது. நடுவில் இருக்கும் ஆங்கிலச் சொல்லையும், உசாத்துணைப் பட்டியலில் உள்ள ஆங்கில நூல் பெயர்களையும் சேர்த்துத் தமிழ்ப் பிதற்றலாக்கிவிடும். பந்தி பந்தியாக எடுத்து, ஆங்கிலப் பகுதியை விட்டுவிட்டு மாற்றுங்கள். பிறகு லதா அல்லது நிர்மலா யூஐ எழுத்துருவில் போட்டு, அடைப்புக்குறிகளையும் அரைப்புள்ளிகளையும் கண்ணால் ஒருமுறை பாருங்கள். நேரமே இல்லை என்றால், பாமினி இருக்கிற அதே கணினியிலேயே பிடிஎப் ஆக்குங்கள். எழுத்துரு பைலுக்குள் பதிந்துவிடுவதால் பார்வைக்காவது சரியாக இருக்கும். கடைசி நேரத் தப்பித்தல்தான் அது, பழக்கமாக்க வேண்டாம்.

உசாத்துணை என்றதும் இன்னொன்று. உசாத்துணை எழுதும் ஒழுங்குகளில் ஒன்றான ஏ.பி.ஏ. முறையில் குடும்பப் பெயரை முன்னால் போடச் சொல்கிறார்கள். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. பெயருக்கு முன்னால் நிற்பது அப்பாவின் பெயரின் முதலெழுத்து. ஆகவே ஆளின் சொந்தப் பெயரை முன்னுக்குப் போட்டு, காற்புள்ளி இட்டு, முதலெழுத்தைப் பின்னுக்குப் போடுங்கள். அப்பா பெயரை முழுதாக எழுதும் நூலாசிரியர்களை அப்பா பெயரில் அகரவரிசைப்படுத்துவது அடிக்கடி காணும் பிழை.

கையால் எழுதிய கணக்கு, வரைபடம் என்றால் போனில் ஸ்கேன் செய்ய வேண்டும். சும்மா கெமராவால் எடுத்த ஒரு படம் 3 முதல் 5 எம்பி வரும். பன்னிரண்டு பக்கம் எடுத்தால் 50 எம்பியை எட்டும். நொடிக்கு அரை மெகாபிட் வேகத்தில் ஏற்றினால் 50 எம்பிக்குப் பதின்மூன்று நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். நடுவில் சிக்னல் ஒருதரம் அறுந்தால் திரும்ப முதலிலிருந்து. ஸ்கேன் ஆப்பில் கறுப்பு வெள்ளையாக எடுத்தால் அதே பன்னிரண்டு பக்கம் 5 எம்பிக்குள் அடங்கிவிடும், ஒன்றரை நிமிடத்துக்குள் ஏறிவிடும். பென்சிலால் வரைந்த படம் மட்டும் கறுப்பு வெள்ளையில் மங்கி மறையும், அந்தப் பக்கத்தைச் சாம்பல் நிறத்தில் எடுங்கள். எவ்வளவு பெரிய பைலை ஏற்கும் என்பது ஏற்றும் பெட்டியின் மேலேயே எழுதியிருக்கும். லயத்து அறையில் பல்புக்குக் கீழே எடுத்தால் உங்கள் தலையின் நிழல் தாளில் விழும். காலை ஜன்னலோரம்தான் சரி. மூட்டம் போட்ட நாள் இன்னும் நல்லது, நிழலே விழாது. ஸ்கேன் செய்த பிறகு பக்க எண்களை எண்ணுங்கள். தாளின் பின்பக்கத்தை விட்டுவிடுவது சாதாரணமாக நடக்கிறது.

பைலுக்குப் பெயர் வைப்பதிலும் ஒரு சிறு தடை. நம் பதிவிலக்கங்களில் சாய்கோடு வரும். விண்டோஸ் பைல் பெயரில் சாய்கோட்டை ஏற்காது. அந்த இடத்தில் இடைக்கோடு போட்டு, பதிவிலக்கம், பாடக் குறியீடு, ஒப்படை எண் என்ற ஒழுங்கில் ஆங்கில எழுத்தில் வையுங்கள். "பைனல்", "பைனல் புதுசு" என்று பெயர் வைத்தவர்கள்தான் பழைய பிரதியை ஏற்றிவிட்டுப் பிறகு தலையில் கைவைப்பது.

ரவுணில் கொமியூனிகேஷன் கடையில் பிரிண்ட் எடுப்பவர்கள் வேர்ட் பைலோடு போகாதீர்கள். கடைக் கணினியின் பழைய வேர்டில் எழுத்துரு மாறி, படங்கள் இடம் பெயர்ந்து, பக்கம் எல்லாம் குழம்பும். பிடிஎப் ஆக்கிக்கொண்டு போங்கள். தாள் அளவு ஏ4 தானா, லெட்டரா என்று வீட்டிலேயே பாருங்கள். பென் டிரைவ் செருகினால் கடை வைரஸ் உங்கள் பைலை ஒளித்துவைத்துவிட்டு, அதே பெயரில் ஒரு ஷோர்ட்கட்டை விட்டுவிடும். உங்களுக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பி வைத்துக்கொள்வது பத்திரம், கடையை விட்டு வெளியேறும்போது லொக் அவுட் பண்ணினால். சம்பளம் போட்ட பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை ஹட்டனிலோ தலவாக்கலையிலோ போட்டோகொப்பி எடுக்கப் போவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம், ரவுண் முழுக்கக் கூட்டம். பௌர்ணமி விடுமுறையான போயாவுக்கு அரச அலுவலகம் எல்லாம் பூட்டு, கடைகளும் பாதி பூட்டு. சுருள் பைண்டிங் என்றால் இடது ஓரத்தில் ஒன்றரை அங்குலம் விடுங்கள். இல்லாவிட்டால் துளை எழுத்தின் மேல் விழும்.

இனி மழை. மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவம். பதுளை, பசறைப் பக்கம் ஒக்டோபருக்குப் பிறகுதான் பெரிய மழை. மரம் முறிந்து கம்பியில் விழுந்தால் கரண்ட் போகும். கரண்ட் போனாலும் சிக்னல் கோபுரம் பேட்டரியில் சில மணிநேரம் தாக்குப்பிடிக்கும், பிறகு அதுவும் அணைந்துவிடும். அதனால் கரண்ட் போன உடனேயே, இருக்கிற பிரதியை ஏற்றிவிடுங்கள், வரட்டும் என்று இருக்க வேண்டாம். காலக்கெடுவுக்கு முன் திருத்திய பிரதியை மாற்ற அனேகமாக மூடில் விடும். முழுமையில்லாத பிரதி உள்ளே கிடப்பது ஒன்றுமே இல்லாததைவிட மேல். தாளாகக் கொண்டுபோகிறவர்கள் ஜெல் பேனையால் எழுதாதீர்கள், ஒரு தூறல் பட்டாலே கசியும். போல்பொயின்ட் தாங்கும். இங்க்ஜெட் பிரிண்டும் ஈரத்தில் கரையும், லேசர் கரையாது.

ஒற்றுமை பார்க்கும் மென்பொருளான டர்னிட்டினில் போடச் சொன்னால் கடைசி மணிக்கு விடவே கூடாது. திரும்பத் திரும்ப ஏற்ற அனுமதி இருந்தாலும், மூன்று தடவைக்குப் பிறகு அடுத்த அறிக்கைக்கு 24 மணிநேரம் காத்திருக்க வேண்டும். படமாக ஸ்கேன் செய்த பிடிஎப்பில் உள்ள எழுத்தை டர்னிட்டினால் வாசிக்க முடியாது. வருகிற சதவீதம் தீர்ப்பும் அல்ல. மேற்கோளும் உசாத்துணைப் பட்டியலும் சேர்ந்தே ஏறியிருக்கலாம். எந்தப் பந்தி எங்கே ஒத்துப்போகிறது என்று திறந்து பார்த்துத்தான் பேச வேண்டும்.

மின்னஞ்சலில் அனுப்பினால் ஜிமெயில் 25 எம்பி வரைதான் இணைக்கும். அதற்கு மேல் கூகுள் டிரைவ் இணைப்பாக மாற்றிவிடும். அனுமதியைத் திறக்காவிட்டால் விரிவுரையாளருக்குப் பூட்டுத்தான் தெரியும். தபாலில் அனுப்புபவர்கள் பதிவுத் தபாலில் போட்டுப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். கணக்கில் எடுப்பது தபால் முத்திரை நாளையா, கையில் கிடைத்த நாளையா என்று பாடக் கையேட்டில் முன்கூட்டியே பாருங்கள். திரும்பி வர வேண்டியதென்றால் லயத்து முகவரி மட்டும் போதாது. தோட்டத்துக் கடிதங்கள் பல இடங்களில் இன்னும் தோட்ட அலுவலகம் சுற்றித்தான் வருகின்றன. ரவுணிலுள்ள சொந்தக்காரர் கடை முகவரி, அல்லது படிப்பிக்கும் பாடசாலை முகவரி நம்பகமானது.

எல்லாம் செய்தும் முடியாமல் போனால், காலக்கெடு தாண்டுவதற்கு முன் எழுதுங்கள். இரண்டு பந்தி போதும்: பதிவிலக்கம், பாடக் குறியீடு, என்ன நடந்தது, எந்தத் திகதிக்குக் கொடுப்பீர்கள், இதுவரை முடித்த பகுதி இணைப்பில். மண்சரிவால் பாதை மூடியது என்றால் கிராம உத்தியோகத்தரின் கடிதம் உதவும். வருத்தம் என்றால் மருத்துவச் சான்றிதழ். தனியார் வைத்தியரின் சான்றிதழைப் பல்கலைக்கழக வைத்திய அதிகாரி உறுதிப்படுத்த வேண்டும் என்ற விதி பல பீடங்களில் உண்டு. விரிவுரையாளர் போனில் "சரி, நாளைக்குத் தாங்க" என்று சொன்னாலும் அதோடு நிற்காதீர்கள், கட்-ஓஃப் தாண்டிய மூடிலுக்கு அது தெரியாது. உங்கள் பெயருக்கு மட்டும் நீடிப்புக் கொடுக்கும் வசதி அதில் இருக்கிறது. அதைத் திறந்துவிடச் சொல்லி மின்னஞ்சலிலேயே கேளுங்கள்.

ஏற்றி முடிந்ததும், மூடிலில் இருந்து அதே பைலை இறக்கி, வீட்டில் உள்ள வேறொரு போனில் திறந்து, முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பாருங்கள். நிலையும் நேரமும் தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுத்து, பெறுபேறு வரும்வரை அழிக்காமல் வையுங்கள்.