பந்துக்கு அடியில் என்ன மண்?

கோல்ஃப் ஆட்டத்தில், குழியும் கொடியும் இருக்கிற கிரீன் என்ற ஒட்ட வெட்டிய புல்தரைக்கு 30, 40 யார்டு பாக்கி. பெரும்பாலானவர்கள் கொடியைப் பார்க்கிறார்கள், அடுத்து பையைப் பார்க்கிறார்கள்; கை தானாக 60 டிகிரி லாப் வெட்ஜ் என்ற, பந்தை உயரத் தூக்கும் மட்டைக்குப் போய்விடுகிறது. பந்து எந்த மாதிரித் தரையில் கிடக்கிறது என்று குனிந்து பார்க்கிறவர்கள் குறைவு. குறுந்தூர அடியில் எந்த கிளப் (மட்டை) என்று சொல்வது தரைதான். தூரக் கணக்கெல்லாம் அதற்குப் பிறகு.

காவிரி டெல்டாவில் இருந்துகொண்டு கோல்ஃப் பழகுகிறவர்களுக்கு இந்த விஷயத்தில் பெரிய வசதி உண்டு. தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் வெயிலில் வெடித்துக் கிடக்கும் களிமண். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை பக்கம் மணற்பாங்கான செம்மண். கொள்ளிடத்தில் கால் புதையும் ஆற்று மணல். 1895 முதல் இருந்து வரும் கொடைக்கானல் மைதானத்துக்கோ, சென்னைக்கோ, கோவைக்கோ ஆடப் போவதற்கு முன்பே, மண்ணுக்கும் வெட்ஜுக்கும் உள்ள உறவை இங்கேயே முழுசாகக் கற்றுக்கொண்டுவிடலாம்.

முதலில் கையில் இருப்பது என்ன என்று தெரியவேண்டும். வெட்ஜ் என்பது குறுந்தூரத்துக்கான கிளப்; அதன் முகம் பின்னே சாய்ந்திருக்கும் கோணம்தான் லாஃப்ட், டிகிரிக் கணக்கு அதைத்தான் சொல்கிறது. பிட்சிங் வெட்ஜ் இப்போதைய செட்டுகளில் 43 முதல் 46 டிகிரி வரை வருகிறது. கேப் வெட்ஜ் 50 அல்லது 52. சாண்ட் வெட்ஜ் 54 முதல் 56. லாப் வெட்ஜ் 58 முதல் 60. பிட்சிங் வெட்ஜ் 44, அடுத்தது நேராக 56 என்று வைத்திருந்தால் நடுவில் 12 டிகிரி ஓட்டை விழுகிறது. அந்தத் தூரத்துக்கெல்லாம் ஒன்றை அடக்கி அடிக்கவேண்டும், அல்லது இன்னொன்றை இழுத்து அடிக்கவேண்டும். 4 முதல் 6 டிகிரி இடைவெளியில் மூன்று வெட்ஜ் போதும். பையில் மொத்தம் 14 கிளப்புக்கு மேல் வைக்க விதியில் இடமில்லை என்பதால் நான்காவது வெட்ஜை வாங்குவதற்கு முன் யோசியுங்கள்.

லாஃப்டைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது பவுன்ஸ், அதாவது கிளப்பின் அடிப்பாகம் முன்விளிம்பைவிடக் கீழே இறங்கியிருக்கும் கோணம். கிளப்பின் அடியில் 56, 12 என்று இரண்டு எண் பொறித்திருந்தால் முதலாவது லாஃப்ட், இரண்டாவது பவுன்ஸ். அது என்ன செய்கிறது என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். சாண்ட் வெட்ஜை வீட்டு மொசைக் தரையில், ஷாஃப்ட் (தண்டு) நேராக நிற்கும்படி வையுங்கள். குனிந்து, கண்ணைத் தரை மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். முன்விளிம்பு தரையைத் தொடாது; அடிப்பாகத்தின் பின்பக்கம்தான் உட்கார்ந்திருக்கும். அந்த இடைவெளியில் ஒரு ரூபாய்க் காசை நுழைத்தால் போகும். அப்படியே கைப்பிடியை இலக்குப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துக்கொண்டு வாருங்கள். விளிம்பு இறங்கிக் காசை அமுக்கும். திரும்ப நேராக்கி, கிளப் முகத்தை வலப்பக்கம் திறந்து பிடித்தால் விளிம்பு முன்பைவிட மேலே எழும். கையைச் சாய்த்தால் பவுன்ஸ் குறையும், முகத்தைத் திறந்தால் கூடும். மொசைக் தரையில் பார்க்கிற இந்த இரண்டு சங்கதியை வைத்துத்தான் கிரீனைச் சுற்றியுள்ள முக்கால்வாசி முடிவுகளை எடுக்கவேண்டும்.

சித்திரை, வைகாசியில் காய்ந்த களிமண் தரையை எடுத்துக்கொள்வோம். 12, 14 டிகிரி பவுன்ஸ் உள்ள வெட்ஜ் அந்தத் தரையில் மோதி எகிறும். முன்விளிம்பு பந்தின் நடுவில் போய் இடிக்கும். பந்து முழங்கால் உயரத்தில் பறந்து கிரீனைத் தாண்டிப் போய்விடும். அடித்தவர், தலையைத் தூக்கிவிட்டோம் என்று நினைத்துக்கொள்வார். தலை அசையாமலே இருந்தாலும் அந்த கிளப், அந்தத் தரையில், அப்படித்தான் செய்யும். இறுகிய தரைக்கு 4 முதல் 6 டிகிரி பவுன்ஸ் உள்ள வெட்ஜ் வேண்டும். அது இல்லையென்றால் பிட்சிங் வெட்ஜ். கிரீனுக்கு வெளியே நாலைந்து எட்டு (காலடி) தூரத்தில்தான் பந்து இருக்கிறது, நடுவில் தரை சமமாக இருக்கிறது என்றால் கிரீனில் பந்தை உருட்டுகிற பட்டரையே எடுத்து உருட்டிவிடலாம். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு அதே தரை தலைகீழாக மாறிவிடும். குறைந்த பவுன்ஸ் கிளப் ஊறிய களிமண்ணில் மண்வெட்டி மாதிரி உள்ளே இறங்கும். ஒரு கட்டி மண் பெயர்ந்து வரும், பந்து பாதி தூரம்கூடப் போகாது. இங்கே 10 முதல் 14 டிகிரி பவுன்ஸ் உதவும். அடிப்பாகம் உள்ளே போகாமல் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். கையை முன்னே சாய்ப்பதையும் குறைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் காசு கொடுத்து வாங்கிய பவுன்ஸை நாமே அழித்தது மாதிரி ஆகிவிடும். மணற்பாங்கான செம்மண்ணுக்கு 8 முதல் 10 டிகிரி ஒத்துவரும். ஒரே ஒரு வெட்ஜ்தான் வாங்க முடியும் என்கிறவர்கள் இந்த நடுத்தரத்தையே வாங்கலாம்.

அடுத்தது மணல். பங்கரில் (மைதானத்து மணற்குழியில்) பந்தை அடிக்கக்கூடாது, மணலை அடிக்கவேண்டும். முகத்தைத் திறந்து, பந்து இடது குதிகாலுக்கு நேராக வரும்படி நின்று, பந்துக்கு 5 செ.மீ. பின்னால் கிளப் நுழைந்து பந்துக்கு அந்தப்பக்கம் வெளியே வரவேண்டும். இடையில் இருக்கிற மணல்தான் பந்தைத் தூக்கிக்கொண்டு போகிறது. அமெரிக்க கோல்ஃப் வீரர் ஜீன் சாரசென் 1932-ல் பிரிட்டிஷ் ஓபனை வென்றபோது கையில் வைத்திருந்தது, அடிப்பாகத்தில் ஈயம் சேர்த்துத் தடிப்பாக்கி அவரே உருவாக்கிய சாண்ட் வெட்ஜ். அந்தத் தடித்த அடிப்பாகத்தின் வழிவந்ததுதான் இன்றைய பவுன்ஸ். பந்து மணலில் பாதி புதைந்திருந்தால் மட்டும் கணக்கு மாறும்: முகத்தைத் திறக்காமல் நேராக வைத்து, செங்குத்தாக இறக்குங்கள். அது விழுந்த பிறகு நிறைய உருளும், அதற்கு இடம் விட்டுக் குறிவையுங்கள். மழையில் நனைந்து இறுகிய மணலிலும் முகத்தை அதிகம் திறக்கக்கூடாது.

கொள்ளிடத்து மணல் பங்கர் மணலைவிட ஆழமானது, கரடுமுரடானது. அதில் தேறிவிட்டால் பங்கரில் பயம் போய்விடும். மணல் அள்ளிய பள்ளங்கள் இருக்கும் பக்கம் போகவேண்டாம். வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் திறந்த பிறகு, ஆற்றில் தண்ணீர் வரத்து என்ன என்று கேட்காமல் இறங்கவும் வேண்டாம். இன்னொன்று, போட்டியில் பங்கருக்குள் ஒத்திகை ஸ்விங்கில் (வீச்சில்) மணலைத் தொட்டால் தண்டனை உண்டு. ஆகவே பந்துக்கு முன் நிற்கும்போது கிளப்பை மணலுக்கு மேலே பிடித்தே பழகுங்கள்.

புல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊர் வெப்பத்துக்கு கோல்ஃப் மைதானங்களில் போடுகிற பெர்முடா புல் வேறொன்றும் இல்லை, வரப்பில் படர்கிற அருகம்புல்லின் இனம்தான். அது ஒரு திசையில் படுத்து வளரும். உங்கள் இடத்திலிருந்து பார்க்கும்போது பளபளப்பாகத் தெரிந்தால் உங்களை விட்டு விலகிப் படுத்திருக்கிறது. கருமையாகத் தெரிந்தால் உங்களை நோக்கிப் படுத்திருக்கிறது. எதிர்ப்புல்லில் முன்விளிம்பு புல்கொடியில் சிக்கி கிளப் நின்றுவிடும். அங்கே கையை முன்னே சாய்க்காமல், பவுன்ஸ் அதிகமுள்ள கிளப்பால் அடிக்கவேண்டும். ஆடு மேய்ந்து கட்டையாக்கிய திடல் ஒன்று பக்கத்தில் இருந்தால் இதைப் பழக அதைவிட நல்ல இடம் கிடையாது. நெல் அறுத்த வயல் அதற்கு ஆகாது: விறைத்த தாளில் பட்டால் கிளப் முகம் திரும்பிவிடும், தை மாசியில் அங்கே உளுந்தும் பயறும் முளைத்திருக்கும், கால் வைக்கக்கூடாது.

தரையைப் பார்த்தாகிவிட்டது, இனி பந்து எங்கே விழவேண்டும் என்பது. உருட்ட முடிந்தால் உருட்டுங்கள், முடியாதபோது மட்டும் தூக்குங்கள். சிப் (தாழப் பறந்து மீதி தூரம் உருளும் சின்ன அடி) அடிக்க, 12-லிருந்து உருளவேண்டிய மடங்கைக் கழித்து கிளப் எண்ணைக் கண்டுபிடிக்கும் பழைய கணக்கு நன்றாகவே வேலை செய்கிறது. பந்திலிருந்து விழவேண்டிய இடம் 4 எட்டு, அங்கிருந்து குழி 12 எட்டு என்றால் உருளவேண்டியது மூன்று மடங்கு. 12-ல் 3 போனால் 9. ஆக 9 அயர்ன்; அயர்ன் என்பது எண்ணிட்ட இரும்பு கிளப், எண் கூடினால் லாஃப்ட் கூடும். பிட்சிங் வெட்ஜை 10 என்றும் சாண்ட் வெட்ஜை 11 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கிரீன் மேடாக ஏறினால் ஒரு எண் குறைந்த கிளப், சரிந்தால் ஒரு எண் கூடிய கிளப். ஆடிக் காற்று அடிக்கும்போதும் இதே புத்திதான்: உயரத் தூக்கிய பந்தைக் காற்று எங்கே கொண்டுபோகும் என்று சொல்ல முடியாது.

ஸ்விங்குக்கு வருவோம். தூரத்தை வேகத்தால் கூட்டிக் குறைக்காதீர்கள். கையை எவ்வளவு பின்னே கொண்டுபோகிறீர்கள் என்பதால் கூட்டிக் குறையுங்கள். கடிகார முள்ளாக இடது கையை நினைத்துக்கொண்டால் ஏழரை மணி, ஒன்பது மணி, பத்தரை மணி என்று மூன்று நிறுத்தம். மூன்று வெட்ஜ், மூன்று நிறுத்தம், ஒன்பது தூரம். முழு ஸ்விங்கில் 80 யார்டு போகும் கிளப், ஒன்பது மணியில் 55, 60 போகலாம். ஆனால் உங்கள் எண்ணை நீங்கள்தான் அளக்கவேண்டும். கோணிச் சாக்கை 10, 20, 30, 40 எட்டில் விரித்து, பந்து உருண்டு நிற்கும் இடத்தை விட்டுவிட்டு விழும் இடத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மைதானத்தில் எந்தப் பந்தால் ஆடுவீர்களோ அதே பந்தால் அளக்கவேண்டும். கொடைக்கானல் உயரத்தில் முழு அடி கூடுதலாகப் போகும். 40 யார்டு அடியில் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, எண்களை மாற்றவேண்டாம்.

நிற்கும்போது பாதங்களுக்கு இடையில் ஒரு சாண், எடையில் 60 சதவீதம் இடது காலில், அடித்து முடியும்வரை அங்கேயே. பந்து நடுவில். நெஞ்சு இலக்கைப் பார்த்துத் திரும்பி முடியவேண்டும். பின்னே நீளமாகக் கொண்டுபோய்விட்டு, அதிகமாகிவிட்டதோ என்று பயந்து இறங்கும்போது கையை இழுத்துப் பிடிப்பதுதான் இந்த அடியைக் கெடுக்கிற முதல் எதிரி. கிளப் தலை பந்துக்கு முன்பே தரையில் விழும். பந்தைத் தூக்கிவிடலாம் என்று மணிக்கட்டை மடக்குவது இரண்டாவது. லாஃப்ட் தானே தூக்கும். மடக்கினால் ஒருமுறை ஃபேட் (பந்துக்கு முன்பே தரையில் படுவது), அடுத்த முறை தின் (முன்விளிம்பு பந்தின் நடுவில் படுவது).

இரண்டுக்கும் சோதனை ஒன்றே. ஈரமணலில் விரலால் ஒரு கோடு கிழித்து, பந்து இல்லாமல் கோட்டுக்கு நேரே ஸ்விங் செய்யுங்கள். சிப்புக்கு, கிளப் பதிந்த தடம் கோட்டில் தொடங்கி இலக்குப் பக்கம் போகவேண்டும். கோட்டுக்குப் பின்னால் தொடங்கினால் எடை வலது காலிலேயே தங்கிவிட்டது என்று அர்த்தம். பங்கர் அடிக்கு மட்டும் கோட்டுக்கு 5 செ.மீ. பின்னால் தொடங்கலாம். பந்து வலப்பக்கம் தெறித்தால் அது ஷாங்க், ஷாஃப்ட் சேரும் கழுத்தில் பட்டிருக்கிறது. எடை விரல்நுனிக்குப் போய் உடம்பு பந்தை நெருங்குகிறது. பந்துக்கு அந்தப்பக்கம் மூன்று விரல்கடை தள்ளி ஒரு தேங்காய் மட்டையை வைத்து, அதைத் தொடாமல் அடித்துப் பழகினால் சரியாகும்.

ஒவ்வொரு அடிக்குப் பிறகும் கிளப் முகத்தில் இருக்கும் க்ரூவில் (பள்ளக் கோடுகளில்) சேர்ந்த களிமண்ணை ஈரத்துணியால் வழித்து, காய்ந்த துணியால் துடையுங்கள். பந்துக்கும் முகத்துக்கும் நடுவில் மண்ணோ பனியீரமோ இருந்தால் பிடிப்பு குறையும்: பந்து எதிர்பார்த்ததைவிட உயரமாகக் கிளம்பும், சுழற்சி இல்லாமல் விழும், விழுந்த இடத்தில் நிற்காமல் ஓடும். விடியற்காலையில் ஆடும்போது துடைத்தும் ஈரம் போகவில்லை என்றால், விழவேண்டிய இடத்தை இரண்டு எட்டு முன்னதாக வைத்துக்கொள்ளுங்கள்.