விவசாயி, படைவீரர்

எங்கள் முதியோர் இல்லத்தில் ஒவ்வொரு அறைக் கதவின் பின்புறமும் ஒரு தாள் தொங்கும். 'இவரைப் பற்றி' என்று தலைப்பு. பிறந்த ஊர், செய்த தொழில், விருப்பமான சாப்பாடு, எதற்குப் பயப்படுவார். அவ்வளவுதான். புதிதாக வருகிற பராமரிப்பாளர் அதைப் படித்துவிட்டுத்தான் அறைக்குள் வேலையைத் தொடங்க வேண்டும். 2012 இலையுதிர்காலத்தில் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தின் தெற்கில் ஒரு சிறிய ஊருக்கு நான் வேலைக்குப் போனபோது, 11ஆம் அறைத் தாளில் தொழில் என்ற இடத்தில் 'விவசாயி, படைவீரர்' என்று இருந்தது. பயம் என்ற இடம் வெறுமையாக இருந்தது.

இரண்டாவது சொல்லைப் படித்ததும் என் கை குளிர்ந்துவிட்டது. நான் யாழ்ப்பாணத்தில் வலிகாமம் வடக்கில் பிறந்தவள். எங்கள் 12 பரப்புச் செம்மண் தோட்டம் 1990இல் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. படைவீரர் என்றால் எனக்குச் சீருடையும் சோதனைச்சாவடியும்தான். அந்த அறையில் இருந்தவருக்கோ 91 வயது, எலும்பும் தோலும். எழுந்து நிற்க இரண்டு பேர் பிடிக்க வேண்டும். கொஞ்ச நாளில் மனதுக்குள் அவரை 'அப்பு' என்று கூப்பிடத் தொடங்கிவிட்டேன்.

முதல் மாதம் அவரைக் குளிக்க வார்ப்பது பெரும் பாடு. தண்ணீர் காலில் பட்டதும் கத்துவார், என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்குவார். 'ஒத்துழைக்க மறுக்கிறார்' என்று பதிவேட்டில் எழுதினோம். நானும் எழுதினேன். ஒரு நாள் துவாய் தற்செயலாக அவர் பாதத்தில் விழுந்தது. எடுக்கப் போனவள், அப்படியே விரல்களுக்கிடையில் ஒற்றித் துடைத்தேன். அப்பு அமைதியாகிவிட்டார். அதன் பிறகு தலையோ முதுகோ எவ்வளவு நனைந்திருந்தாலும் முதலில் கால்விரல் இடுக்குகளைத்தான் துடைப்பேன். அவர் என்னிடம் மறுபடி கை நீட்டவே இல்லை.

காரணத்தை அவர் சொல்ல ஒரு குளிர்காலம் போனது. அதுவும் நேராகச் சொல்லவில்லை. 1944 ஒக்டோபரில் பெல்ஜியத்தில் லெயோபோல்ட் கால்வாயைக் கடந்த ரெஜைனா ரைஃபிள்ஸ் என்ற கனடியப் படையணியில் அவர் இருந்தார். பெரும்பாலும் சஸ்காச்சுவான் பொடியன்களைக் கொண்ட அந்தப் படையணிக்குக் 'கமக்காரர்', அதாவது விவசாயிகள், என்ற பட்டப்பெயரும் இருந்தது. பதுங்குகுழி தோண்டினால் ஓரடிக்குள் தண்ணீர் ஊறிவிடுமாம். நாள்கணக்காகச் சப்பாத்தைக் கழற்றவில்லை. கழற்றியபோது தோலும் சேர்ந்து வந்ததாம். இதைச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் கேட்டார்: "அந்த மண்ணில் உப்பு ஏறினால் எத்தனை வருடத்தில் போகும்? உனக்குத் தெரியுமா?"

அங்கே தாழ்ந்த வயல்களை ஜெர்மானியர் நீரில் மூழ்கடித்திருந்தார்கள். அதே மாதம் பக்கத்து நெதர்லாந்தின் வால்கெரென் தீவின் கடலணையை நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டு உடைத்துக் கடலை உள்ளே விட்டன. போருக்கு அது தேவைப்பட்டது என்பதை அப்பு ஒருநாளும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கமக்காரனின் வயலில் கடல் நின்றது என்பது எழுபது வருடத்துக்கு அண்மித்தும் அவருக்குள் கிடந்து உறுத்தியது. சஸ்காச்சுவானில் வற்றிப்போன குட்டைகளின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். அதைச் சுற்றி உழுதே பழகியவர் அவர்.

அன்றிரவு கோண்டாவிலில் இருந்த அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அப்போதும் அடுத்தவர் காணியில் வெங்காயம் வைத்துக்கொண்டிருந்தவர். தொண்டைமானாற்றுப் பக்கத்து உவர் வயல்களைப் பார்த்தவர். "நல்ல தண்ணி நிண்டு நிண்டு கழுவோணும் பிள்ளை. மழைதான் வழி. அஞ்சாறு மாரி போகவேணும்" என்றார். காலையில் அதை அப்புவிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். "உன் அப்பாவிடம் எவ்வளவு நிலம் இருந்தது?" பன்னிரண்டு பரப்பு. பதினாறு பரப்பு ஒரு ஏக்கர் என்று விளக்கினேன். போர் முடிந்து வந்து, திரும்பிய வீரர்களுக்கான நிலக் கடன் திட்டத்தில் அவர் வாங்கிய முதல் துண்டு 160 ஏக்கர். எங்கள் கணக்கில் 2,560 பரப்பு. நான் அதைச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. "பன்னிரண்டையும் எடுத்துவிட்டார்களா?" என்று மட்டும் கேட்டார்.

அவர் ஏன் படைக்குப் போனார் என்பதும் மண்ணின் கதைதான். 1930களின் வறட்சியில் மேல்மண் முழுவதும் தூசியாகப் பறந்தது. மத்தியானத்தில் விளக்கேற்றிச் சாப்பிட்டார்களாம். 1937இல் அவருக்கு 16 வயது. அந்த ஜூலை 5ஆம் திகதி அதே மாகாணத்தில் யெல்லோ கிராஸ் என்ற ஊரில் 45 பாகை வெப்பம். 2021 வரை கனடாவிலேயே அதுதான் உச்சம். அந்த வருடக் கோதுமை மாகாணச் சராசரியாக ஏக்கருக்கு மூன்று புஷல்கூட (ஒரு புஷல் கோதுமை ஏறத்தாழ 27 கிலோ) வரவில்லை. மாடுகளுக்கு முட்செடியை வெட்டிப் போட்டார்கள். கிழக்குக் கரையிலிருந்து நிவாரணமாக உப்புக்கருவாடு வந்ததாம், அதை என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. (நான் இருந்திருந்தால் ஊருக்கே குழம்பு வைத்துக் கொடுத்திருப்பேன் என்று அவரிடம் சொன்னேன்.) போர் வந்ததும் படையில் நாளுக்கு 1.30 டாலர், மூன்று வேளைச் சாப்பாடு, புதுச் சப்பாத்து. பொடியன்கள் வரிசையாகப் போனார்கள்.

1944 ஜூன் 6, பிரான்சின் நோர்மண்டிக் கரையில் இறங்கியதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் கதைத்தார். அவருடைய படையணியின் சில படகுகள் கண்ணிவெடியில் சிக்கின. பள்ளித் தோழன் ஒருவன் கரையை மிதிக்கவே இல்லை. போரில் இறந்தவர்களின் பெயரை வடக்கிலுள்ள ஏரிகளுக்கும் குன்றுகளுக்கும் சூட்டுவது இந்த மாகாணத்தின் வழக்கம். தோழன் பெயரிலும் ஒரு ஏரி இருக்கிறது. "அவனுக்கு நீந்தத் தெரியாது" என்றார் அப்பு. அந்த ஏரிக்கு அவர் போனதில்லை.

தாளில் பயம் என்ற இடத்தில் 'ஈரக்கால்' என்று எழுதினேன். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்து, பின்பக்கமும் நிரம்பிவிட்டது. இளவேனிலில் நிலத்திலிருந்து மேலே எழும் கற்களைப் பொறுக்கிய கதையை எல்லாருக்கும் சொல்வார், பொறுமையாகக் கேட்கவும். யன்னல் திரையைக் காலையில் முதலில் திறக்கவும், வானம் பார்க்க வேண்டும். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பயிற்சிகளில் தூக்குவது, திருப்புவது, மருந்து எல்லாம் இருந்தன. ஒருவரிடம் எதைக் கேட்பது என்பதை அப்புவிடம்தான் படித்தேன்.

2013இல் சஸ்காச்சுவான் அதுவரை காணாத விளைச்சல். அந்தச் செப்டெம்பரில் அப்புவின் மகன் ஒரு பிடி கோதுமையைச் சட்டைப் பையில் போட்டு வந்தார். விழுங்கும் சக்தி போய், எல்லாம் கூழாக்கித்தான் அப்புவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். முழுத் தானியம் கண்டிப்பாக ஆகாது. அவரோ மணியை வாயில் போடத்தான் கேட்டார். கோதுமை நல்லதா என்று பார்க்க மென்று பார்ப்பதுதான் அங்கே வழக்கம். மெல்ல மெல்ல மாவு கரைந்து பசை மிஞ்சும். அது எவ்வளவு இழுபடுகிறதோ அவ்வளவு நல்ல ரொட்டி. இந்தச் சமவெளியை வாழவைத்த மார்க்கீஸ் என்ற கோதுமை இனத்தையே கனடிய விஞ்ஞானி சார்ள்ஸ் சாண்டர்ஸ் இப்படி மென்று பார்த்துத்தான் தேர்ந்தாராம். அதன் தாய்வழி 'ஹார்ட் ரெட் கல்கத்தா' என்ற இந்தியக் கோதுமை. அதை எனக்குச் சொன்னதும் அப்புதான்.

நான் மறுத்தேன். மறுக்கத்தான் வேண்டும். மகன் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஒரு பிடியைத் தன் வாயில் போட்டு நெடுநேரம் மென்று, அந்தப் பசையை எடுத்துத் தகப்பனின் உள்ளங்கையில் வைத்தார். அப்பு இரண்டு விரலால் அதை இழுத்தார். அறுகிற வரை இழுத்தார். "ரயிலில் ஏற்றியாயிற்றா?" என்று கேட்டார்.

ஏற்றவில்லை. அந்தக் குளிர்காலம் விளைந்ததை ஏற்றிச்செல்ல ரயில் பெட்டிகள் போதவில்லை. மாகாணம் முழுக்கத் தானியம் தேங்கிக் கிடந்தது. காலையில் திரையைத் திறக்கும்போதெல்லாம் "ரயில் வந்ததா?" என்பார். இன்னும் இல்லை என்பேன். பெப்ரவரியில், மைனஸ் முப்பதுக்குக் கீழே போன ஒரு விடியலில் அவர் போய்விட்டார். கோதுமை அப்போதும் மகனின் களஞ்சியத்தில்தான் இருந்தது.